112 வீதம் கிரபைட்: மூதூர்ச் சிரட்டைக்கரி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிரட்டைக்கரியை 900 பாகை செல்சியசில் சுட்டுக் கிரபைட் (காபன் அணுக்கள் படை படையாக ஒழுங்காக அடுக்கிய பொருள்) ஆக்கிவிட்டோம் என்று சொல்லும் அறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. எழுதியவர்கள் திருகோணமலையைச் சேர்ந்த சில இளைஞர்கள். மின்கலத்துக்கான காபனை உள்ளூரிலேயே செய்ய முடியுமா என்று பார்க்க வெளிக்கிட்டவர்கள். நிதி கேட்டு விண்ணப்பம் போட முதல் யாராவது ஒருக்கால் படங்களைச் சரிபார்த்தால் நல்லது என்று நினைத்திருக்கிறார்கள். என் பிழைப்பு எக்ஸ் கதிர்ப் படங்களோடு என்பதால் கோப்பு என்னிடம் வந்தது.

செய்முறை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. கரி மூதூர்ப் பக்கம் ஒரு குழியில் சுட்டது. அதை ஆய்வுகூட உலையில் மூடிய பாத்திரத்தில் 900 பாகைக்குச் சூடாக்கி, அரைத்து, ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பொடியில் பட்ட கதிர் எந்தக் கோணங்களில் பலமாகத் திரும்புகிறது என்று காட்டுவது இந்தப் படம்; உச்சியின் கோணத்திலிருந்து அணுப் படைகளுக்கிடையிலான தூரத்தைக் கணிக்கலாம். வந்த படத்தில் 26.64 பாகையில் ஒடுங்கிய, உயரமான ஓர் உச்சி. அதிலிருந்து கணித்த படை இடைவெளி 0.3344 நனோமீற்றர். உச்சியின் அகலத்தை, அதிலிருந்து படிகத்தின் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் அடுக்கின் உயரம் 50 நனோமீற்றருக்கு மேல். கிரபைட்டாக்க அளவு (முழுக் கிரபைட் என்றால் 100) 112 வீதம். அந்த 112 க்குப் பக்கத்தில் "ஏறத்தாழ முழுமை" என்று ஒரு குறிப்பு.

எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்த எண் அந்த 112 தான். மென்பொருள் தந்ததை மறைக்காமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். அதை 100 என்று திருத்தி எழுதியிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை வந்திருக்காது. பிழையும் அப்படியே விண்ணப்பத்தோடு போயிருக்கும்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது

கிரபைட்டில் ஒரு படைக்குள் அணுக்கள் 0.142 நனோமீற்றர் தூரத்தில் உறுதியாகப் பிணைந்திருக்கின்றன. படைக்கும் படைக்கும் இடையே இருப்பது பலவீனமான கவர்ச்சி மட்டுமே. அங்கே தூரம் 0.3354. இந்த அமைப்பை 1924 இல் ஒழுங்காக வரைந்து காட்டியவர் பெர்னால். ஒரு படையின் அணுக்களில் பாதி, கீழ்ப்படையின் அணுக்களுக்கு நேர் மேலே நிற்கும். மற்றப் பாதி அறுகோணத்தின் நடுவெளிக்கு மேலே நிற்கும். மூன்றாவது படை திரும்பவும் முதலாவதின் இடத்துக்கு வரும். ஏபி அடுக்கல் என்பது இதைத்தான்.

இப்போது படைகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் திருப்பியும் நகர்த்தியும் அடுக்கினால்? படைகள் இன்னும் சமாந்தரமாகத்தான் கிடக்கும். ஆனால் ஒன்றின் மேடு மற்றதின் பள்ளத்தில் பொருந்தாது. சந்தையில் வெறும் முட்டைத் தட்டுகளை ஒரே பக்கமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். ஒன்றைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் அது மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். காபனில் அந்தத் தூக்கல் மிகச் சிறியது. 0.3354 என்பது 0.3440 ஆகும், அவ்வளவுதான். இந்த அமைப்பை டர்போஸ்ட்ரேட்டிக் என்கிறார்கள்.

0.3440 என்ற எண்ணின் பின்னால் ரோசலிண்ட் பிராங்ளின் இருக்கிறார். டிஎன்ஏ படத்தால் உலகம் அவரை அறியும். அதற்கு முன்பே அவர் லண்டனில் போர்க்காலத்தில் நிலக்கரியிலும், பிறகு பரிசில் ஜாக் மெரிங்கின் ஆய்வகத்தில் எக்ஸ் கதிரைக் கொண்டு காபன்களிலும் வேலை செய்தவர். 1951 இல் அவர் வெளியிட்ட கட்டுரை காபன்களை இரண்டாகப் பிரித்தது: சூடாக்கச் சூடாக்கக் கிரபைட் ஆகிறவை, 3000 பாகைக்குக் கொண்டுபோனாலும் ஆகாதவை. ஒரே குடும்பத்து பிளாஸ்டிக்குகளில் பிவிசியின் கரி முதல் வகை, பொலிவினைலிடீன் குளோரைட்டின் கரி இரண்டாம் வகை என்பது அவரது முடிவு.

காரணம் சுடும்போது நடப்பதில் இருக்கிறது. பிவிசியும் தாரும் காபனாகும் வழியில் ஒரு கட்டத்தில் இளகி ஓடும். அந்த இளக்கத்தில் தட்டையான மூலக்கூறுகள் ஒரே திசையில் படுக்க வாய்ப்புக் கிடைக்கிறது. சிரட்டையும் மரமும் இளகுவதே இல்லை. அவற்றின் லிக்னினிலும் செல்லுலோசிலும் உள்ள ஒட்சிசன், படைத்துண்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பிணைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்தத் துண்டுகள் பக்கத்துத் துண்டோடு ஒழுங்காகச் சேரப் போதிய சுதந்திரம் கிடைப்பதில்லை. ஆகவே சிரட்டைக்கரி 900 பாகையில் கிரபைட் ஆகிவிட்டது என்பது கேட்டவுடனேயே கேள்வி எழுப்ப வேண்டிய கூற்று.

கிரபைட்டாக்க அளவு என்பது மேர், மெரிங் இருவரின் பெயரால் வழங்கும் ஒரு எளிய கணக்கு. 0.3440 இலிருந்து அளந்த இடைவெளியைக் கழித்து 0.0086 ஆல் வகுக்க வேண்டும். ஒழுங்காகப் பொருந்திய சோடிகளும் பொருந்தாத சோடிகளும் ஓர் அடுக்கில் கலந்திருக்கும்போது கிடைக்கும் சராசரியை அது சொல்கிறது. அளவுகோலின் முழு நீளமே 0.0086 நனோமீற்றர். இந்தக் கோணத்தில் 0.1 பாகை பிசகினால் இடைவெளி ஏறக்குறைய 0.0012 மாறும். அதாவது கிரபைட்டாக்க அளவில் 14 வீதம். பலர் இந்தக் கணக்கின் முடிவைத் தசம இடம் வரை எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

100 ஐத் தாண்டினால் என்ன பொருள்? படைகள் கிரபைட்டை விட நெருங்கிவிட்டன என்று பொருள். அறை வெப்பநிலையில், அழுத்தம் எதுவும் கொடுக்காமல், கரிக்கு அது நடக்காது. ஒன்றில் கோணம் பிசகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உச்சி காபனுடையதாக இருக்கக் கூடாது.

கோணம் பிசகியதா?

இளைஞர்களில் ஒருவர் முதல் காரணத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "சேர், பொடியைக் கொஞ்சம் உயரமா நிரப்பியிருப்பாங்க. அதால உச்சி தள்ளிப்போயிருக்கும். கிரபைட் எண்டது மாறாதே" என்றார். வாதம் நல்ல வாதம். மாதிரியின் மேற்பரப்பு இருக்க வேண்டிய மட்டத்தை விட உயர்ந்தால் எல்லா உச்சிகளும் கூடிய கோணத்தின் பக்கம் நகரும். 150 மில்லிமீற்றர் ஆரையுள்ள கருவியில், 26.55 இல் இருக்க வேண்டிய கிரபைட் உச்சி 26.64 க்குப் போக 0.12 மில்லிமீற்றர் உயர்ந்தாலே போதும். கையால் நிரப்பும் பொடியில் அது சர்வ சாதாரணம்.

இதற்கு மருந்து பழையது. மாதிரியோடு கொஞ்சம் சிலிக்கன் பொடியைக் கலந்து மறுபடி படம் எடுப்பது. சிலிக்கனின் முதல் உச்சி செப்புக் கதிரில் (செப்பிலிருந்து பெறும் எக்ஸ் கதிரில்) 28.44 இல் நிற்கும். அது நகர்ந்திருந்தால் மற்றதையும் அதே அளவு திருத்தலாம். எடுத்துப் பார்த்தபோது சிலிக்கன் தன் இடத்தில்தான் நின்றது. பக்கத்தில் நமது உச்சியும் 26.64 ஐ விட்டு அசையவில்லை.

சரி, அப்போது அது யார்?

வெட்டி எறிந்த பகுதி

அறிக்கையில் இருந்த படம் 22 இலிருந்து 30 பாகை வரை மட்டுமே. கிரபைட்டின் முக்கிய உச்சி அங்கேதான் வரும் என்பதால் அப்படி வெட்டியிருக்கிறார்கள். மென்பொருளில் "பின்னணி நீக்கம்" என்ற பொத்தானையும் அழுத்தியிருக்கிறார்கள். நான் கேட்டது மூலக்கோப்பை. கருவி 10 பாகையிலிருந்து 90 வரை ஓடியிருந்தது. அதைத் திறந்ததும் இரண்டு விடயங்கள் தெரிந்தன.

முதலாவது, பின்னணி என்று நீக்கப்பட்டது பின்னணியே இல்லை. 23.4 பாகையை நடுவாகக் கொண்டு, ஏறக்குறைய 8 பாகை அகலத்தில் ஒரு தாழ்ந்த மேடு. அதுதான் கரி. இடைவெளி 0.38 நனோமீற்றர். ஷெரர் கணக்கில் அடுக்கின் உயரம் 1 நனோமீற்றர் அளவு, அதாவது இரண்டு மூன்று படைகள் மட்டுமே. சிரட்டைக்கரி 900 பாகையில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. மென்பொருள் அதை நேர்த்தியாக வழித்துத் துடைத்துவிட்டு, மேலே குத்தி நின்ற உச்சியை மட்டும் விட்டுவைத்தது. ஒரே படத்தில் அகன்ற மேடும் ஒடுங்கிய உச்சியும் ஒன்றாக நின்றால் அங்கே இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, 20.86 பாகையில் ஓர் உச்சி. 26.64 இன் ஐந்தில் ஒரு பங்கு உயரம். கிரபைட்டுக்கு அந்த இடத்தில் எந்த வேலையும் இல்லை. அது குவாட்ஸ். மணல்.

குவாட்ஸின் பலமான உச்சி 0.3343 நனோமீற்றர் இடைவெளிக்கு உரியது. செப்புக் கதிரில் 26.64. கிரபைட்டோடு வித்தியாசம் 0.09 பாகை. காபன் இலேசான அணு, எக்ஸ் கதிரைக் கொஞ்சமாகத்தான் சிதறடிக்கும். அதிலும் கரியில் அந்தக் கொஞ்சமும் அகன்ற மேடாகப் பரவிவிடுகிறது. குவாட்ஸ் தன் பங்கு முழுவதையும் ஒரே கோட்டில் குவிக்கும். ஆகவே எடையில் சில வீதம் மணல் இருந்தாலே படத்தில் அது கரியை மூடிவிடும்.

இங்கே விடயம் இன்னும் சிக்கலாகிறது. நான் இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணமும் இதுதான். "மற்ற உச்சிகளையும் பார்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அவர்களும் பார்த்திருக்கிறார்கள். 42.4 பாகையில் ஒன்று, 54.8 பாகையில் சின்னதாக ஒன்று. இரண்டும் கிரபைட்டுக்குப் பொருந்துகின்றன என்று அறிக்கையின் பிற்சேர்க்கையில் எழுதியும் இருந்தார்கள். உண்மையில் குவாட்ஸுக்கு 42.45 இலும் 54.87 இலும் கோடுகள் இருக்கின்றன. கிரபைட்டின் படைக்குள்ளான ஒழுங்கைக் காட்டும் 100 கோடு 42.4 இல், படை அடுக்கின் இரண்டாம் வரிசையான 004 கோடு 54.7 இல் (100, 004 என்பவை கோடுகளின் பெயர்கள், கோணங்கள் அல்ல). மணல் கிரபைட்டின் மூன்று கோடுகளைப் போலி செய்கிறது. பெரிய மூன்று உச்சிகளை மட்டும் தேடிப் பொருத்துகிற எவரும் இதில் விழுவார்கள்.

மணலால் போலி செய்ய முடியாதவை எவை? இங்கேதான் அடுக்கல் வருகிறது. 101 என்ற கோடு கிரபைட்டில் 44.5 பாகையில், 112 என்ற கோடு (இது கோட்டின் பெயர், அந்த 112 வீதத்தோடு தொடர்பில்லை) 83.6 பாகையில் வரும். இவை இடைவெளியை மட்டுமோ படைக்குள்ளான ஒழுங்கை மட்டுமோ சொல்பவை அல்ல. ஒரு படையின் அணு அடுத்த படையின் அணுவுக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அடுக்கு முழுவதும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே அவை பிறக்கும். டர்போஸ்ட்ரேட்டிக் காபனில் படைகள் சமாந்தரமாக இருந்தாலும் இந்தக் கோடுகள் இல்லை. 100 உம் 101 உம் தனித்தனியாகப் பிரியாமல், 43 பாகையில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிந்தும் இருக்கும் ஒரே பட்டையாகத் தெரியும். மூலக்கோப்பில் 44.5 வெறுமையாக இருந்தது. 83.6 இலும் ஒன்றுமில்லை.

44.5 ஐப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். அலுமினியத் தட்டில் மெல்லிதாகப் பொடியைப் பரப்பினால் தட்டின் கோடு 44.7 இல் எட்டிப்பார்க்கும். உருக்கு அரைப்பானில் அரைத்தால் இரும்பும் அதே இடத்தில்தான் வரும். அலுமினியம் என்றால் 38.5 இலும் ஒன்று கூடவே நிற்கும், அதை வைத்துப் பிடிக்கலாம்.

இடைவெளியும் அடுக்கலும் ஒன்றல்ல என்பதற்கு மணல் இல்லாமலேயே ஓர் உதாரணம் உண்டு. கிரபைட்டில் ஏபிசி என்று மூன்று படைக்கு ஒருமுறை திரும்பும் அடுக்கலும் இருப்பதை 1942 இல் லிப்சன், ஸ்டோக்ஸ் இருவரும் காட்டினார்கள். கிரபைட்டை நன்றாக அரைத்தால் படைகள் வழுக்கி இந்த வகை கூடும். அதன் படை இடைவெளி ஏபி வகையின் இடைவெளியோடு கிட்டத்தட்ட ஒன்றே. இடைவெளியை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. இன்னொரு பக்கம், 0.344 க்கு மேல் 0.36, 0.38 என்று போகும் கரிகளுக்குக் கிரபைட்டாக்கக் கணக்குப் போட்டால் எதிர்க்கணியம் வரும். அந்த அளவுகோல் அங்கே வேலை செய்யாது. அங்கே கேட்க வேண்டியது எத்தனை படைகள் சேர்ந்திருக்கின்றன, படைத்துண்டுகள் எவ்வளவு அகலம், எவ்வளவு வளைந்திருக்கின்றன என்பதைத்தான்.

மணல் வந்த வழி

"அமிலத்தில் கழுவினோமே" என்பது அடுத்த கேள்வி. ஐதரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பையும் சாம்பலின் பெரும்பகுதியையும் கரைக்கும். குவாட்ஸை அது தொடாது. தொடக்கூடியது ஐதரோபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் எலும்பு வரை போகும் அந்தச் சாமானை ஒரு சின்ன ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உலையும் உதவாது. குவாட்ஸ் 573 பாகையில் தன் அமைப்பைச் சற்று மாற்றும், ஆறும்போது திரும்பப் பழையபடி ஆகிவிடும்.

கரி சுட்டவரிடம் இளைஞர்கள் தொலைபேசியில் கேட்டார்கள்.

"நானா, குழிய என்னத்தப் போட்டு மூடுறீங்க?"

"மண்ணப் போட்டுத்தான் தம்பி மூடுற. காத்துப் புகுந்தா எல்லாம் சாம்பலாப் போயிருமே. ஆத்து மண்ணுதான், இஞ்ச வேற என்ன இருக்கு?"

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் இடம் அது. மலைநாட்டுப் பாறைகளை அரைத்துக் கொண்டுவரும் ஆறு. ஆற்று மணலில் மிஞ்சுவது பெரும்பாலும் குவாட்ஸ்தான். வெடித்த சிரட்டைத் துண்டுகளின் இடுக்கில் ஏறிய மணல், அரைக்கும்போது கரியோடு சேர்ந்து பொடியாகிவிடுகிறது. மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைப் பக்கம் இதைச் செய்திருந்தால் தொல்லை வேறு மாதிரி இருந்திருக்கும். அந்தக் கரையின் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் உண்டு. சிர்கோனின் பலமான கோடு 27.0 இல், ரூட்டைலின் கோடு 27.4 இல், நமது உச்சியின் வலப்பக்கத் தோளில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அவர்களிடம் இன்னொரு வாதமும் மிச்சமிருந்தது: சூடாக்கிய பாத்திரத்தில் இரும்புத் துரு இருந்தது, இரும்பு ஊக்கியாக நின்று கிரபைட் ஆக்கியிருக்கலாமே என்று. இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. இரும்பும் நிக்கலும் கடினமான கரியில்கூட 1000 பாகையை ஒட்டிய வெப்பத்தில் ஆங்காங்கே கிரபைட் வளர்க்கும். ஆனால் அப்படி வளர்வது அடுக்கல் முற்றுப்பெறாத கிரபைட். அதன் உச்சி 26.5 க்கு இந்தப் பக்கம், குறைந்த கோணத்தில்தான் நிற்கும். 26.64 க்குப் போக அதற்கு வழியில்லை.

முடிவாக ஒரு சோதனை சொன்னேன். பொடியைத் திறந்த பாத்திரத்தில் 850 பாகையில் பல மணி நேரம் காற்றோட்டத்தோடு எரிப்பது. பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் போகலைச் சுரங்கத்துப் பென்சிற்கரியின், அதாவது இயற்கைக் கிரபைட்டின் பொடி. இலங்கையின் நரம்புக் கிரபைட் காபன் 95 வீதத்துக்கு மேல் இருக்கும் உயர்ந்த சரக்கு. ஒப்பிட இதைவிட நல்லது கிடையாது. கிரபைட் கரியை விட மெதுவாக எரிந்தாலும் அந்த வெப்பத்தில் தப்பாது. மாதிரியில் இருந்தது கிரபைட் என்றால் அந்த உச்சியும் எரிந்து போக வேண்டும். எரித்து மிஞ்சிய வெண்சாம்பலைப் படம் எடுத்தார்கள். 23.4 இல் இருந்த மேடு மறைந்தது. குவாட்ஸின் கோடுகளான 26.64, 20.86, 50.14 மூன்றும் முன்னை விட உயரமாக நின்றன.

பிறகு

புதிய கரியைக் குழியில் சுடவில்லை. சிரட்டையைத் தும்பு போகச் சுரண்டி, கழுவி, சீமெந்துத் தரையில் காயவைத்து, மூடியுள்ள தகர பீப்பாயில் சுட்டார்கள். அதே 900 பாகை. படத்தில் அந்த ஒடுங்கிய உச்சி இல்லை. அகன்ற மேடும் 43 பாகையில் சரிந்த பட்டையும் மட்டும். ஒளிச் சிதறலைக் கொண்டு பொருளை அடையாளம் காணும் இராமன் நிறமாலையிலும் 1350 இலும் 1590 இலும் இரண்டு அகன்ற பட்டைகள், குவாட்ஸுக்குரிய 464 கோடு இல்லை. கரி மின்னைக் கடத்துகிறது என்று அறிக்கையில் ஒரு பந்தி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். 700 பாகையைத் தாண்டிச் சுட்ட எந்த மரக்கரியும் ஓரளவு கடத்தும், அது கிரபைட்டுக்குச் சாட்சி ஆகாது.

அவர்கள் முகம் வாடியது உண்மை. எனக்கு அதில் உடன்பாடில்லை. லித்தியம் மின்கலத்துக்குக் கிரபைட் வேண்டும். ஆறு காபனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் படைகளுக்கிடையே புகுந்து, இடைவெளியை 0.37 அளவுக்கு விரித்துக்கொண்டு உட்காரும். சோடியம் கிரபைட்டுக்குள் அப்படிப் போவதே இல்லை. சோடியம் மின்கலத்துக்குத் தேடுவது இடைவெளி 0.37, 0.38 உள்ள, அடுக்கல் குலைந்த, சிறு வெற்றிடங்கள் நிறைந்த கரியைத்தான். சிரட்டைக்கரி அந்த வகையில் நல்ல வேட்பாளர். இதற்கு 900 பாகை போதாது; 1200 க்கும் 1500 க்கும் இடையில் ஆகன் வாயுவில் சூடாக்க வேண்டும், அதற்கான உலை அவர்களிடம் இல்லை. விண்ணப்பம் இப்போது கிரபைட்டை விட்டுவிட்டு அந்த உலையைக் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது. பிற்சேர்க்கையில் முழுப்படம், 10 இலிருந்து 90 வரை, பின்னணி நீக்காமல், சிலிக்கன் கோட்டோடு போட்டிருக்கிறார்கள். 112 வீதம் என்ற வரியையும் குவாட்ஸ் பற்றிய ஒரு பந்தியோடு விட்டுவைத்திருக்கிறார்கள்.